தரவுத்தளப் பொதியும் அமைவுக் கோப்பும்

சொல்லிய கட்டளையைக் காட்டிலும் சொல்லாத கட்டளையே பல இடங்களில் வலிமை மிக்கது. சொல்லியதை ஏற்கலாம், மறுக்கலாம். சொல்லாததை மறுப்பது எங்ஙனம்? அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. கணினியில் செய்திகளைத் தொகுத்துக் காக்கும் தரவுத்தள மென்பொருள்களின் வரலாற்றை நோக்குவார்க்கு இவ்வுண்மை நன்கு புலனாகும். அவ்வரலாற்றில் தமிழ் எழுத்துப் பட்ட பாடும் அடங்கியிருத்தலின், தமிழாசிரியர்களும் தமிழன்பர்களும் இதனை அறிந்து வைத்தல் நலம்.

முதற்கண் சில சொற்களின் பொருளை வரையறுத்துக் கொள்வோம். தரவுத்தள மென்பொருள் என்பது பெயர்ப்பட்டியல், கணக்கு, நூலகப் பதிவு முதலியவற்றை அட்டவணைகளாக்கிக் காத்து, வேண்டும்போது தேடித் தருவது. அதனைக் கணினியில் நிறுவும்போது பல வினாக்களுக்கு விடை வேண்டும். எந்த எழுத்து முறையில் செய்திகளைக் காப்பது? எவ்வளவு நினைவகத்தை எடுத்துக்கொள்வது? வெளிக் கணினிகளின் அழைப்புக்குச் செவி கொடுப்பதா? பொருந்தாத செய்தி வந்தால் மறுப்பதா, சிதைத்தேனும் ஏற்பதா? இவ்விடைகளை வரி வரியாக எழுதி வைக்கும் ஏடே அமைவுக் கோப்பு ஆகும். அதில் ஒன்றும் எழுதப்படாவிடில், மென்பொருளை ஆக்கியோர் உள்ளே பொதிந்து வைத்த விடையே நடைமுறைக்கு வரும். அதனை இயல்பு மதிப்பு என்போம். கணினியாளர் வழக்கில் அது டிஃபால்ட். மென்பொருளை நிறுவுவதற்கு ஏற்றவாறு கட்டி அனுப்பும் மூட்டைக்குப் பொதி என்று பெயர். அப்பொதிக்குள் அமைவுக் கோப்பு ஒன்றையும் சேர்த்து அனுப்புதல் வேண்டுமா, வேண்டாவா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள். வேண்டும் என்பதே நம் துணிபு. அதற்குரிய காரணங்களை வரலாறே எடுத்துரைக்கின்றது.

உடன் வருவார் இல்லாத காலம்

தரவுகளை அட்டவணைகளாகக் கொள்ளும் கொள்கையை 1970-இல் வெளியிட்டவர், அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் அறிஞர். அக்கொள்கையின் வழி எழுந்த ஆரக்கிள் என்னும் மென்பொருள் 1979-இல் விற்பனைக்கு வந்தது. அந்நாளில் கணினி பெரும் பொருட்செலவு உடையது. அதனைப் பேணுவதற்கென்றே பயிற்சி பெற்றோர் இருந்தனர். ஐயம் எழுந்தால் கேட்பதற்கு விற்றவரும் இருந்தனர்.

1990-களில் நிலைமை மாறிற்று. 1993-இல் டெபியன் என்னும் லினக்சு இயங்குதளத் தொகுப்பு தொடங்கியது. 1995-இல் சுவீடன் நாட்டில் மைஎஸ்கியூஎல் பிறந்தது. டேவிட் ஆக்ஸ்மார்க், ஆலன் லார்சன் என்னும் சுவீடியர் இருவரும், மைக்கேல் விடெனியஸ் என்னும் பின்லாந்தியர் ஒருவரும் அதனைத் தோற்றுவித்தனர். கலிபோர்னியாவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த போஸ்ட்கிரெஸ், 1996-இல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் புதுப்பெயர் பூண்டது. இவற்றை விலையின்றிப் பெறலாம். தனி ஒருவர் ஒரு மாலைப் பொழுதில் நிறுவியும் விடலாம். ஆனால், நிறுவுவாரோடு கூட இருந்து வழிகாட்டுவார் எவரும் இலர். உடன் வருவது பொதி ஒன்றே. ஆகவே பொதிக்குள் இருக்கும் ஏடே அங்கு ஆசிரியன் ஆயிற்று. ஏடு இல்லையேல் மாணாக்கன் தனித்து விடப்பட்டான்.

எழுத்து

சுவீடனில் பிறந்த மைஎஸ்கியூஎல் தன் தாயகத்தின் வழக்கத்தையே இயல்பு மதிப்பாகக் கொண்டது. ஐரோப்பிய மேற்கு மொழிகளுக்குரிய லத்தீன்1 என்பது அதன் எழுத்து முறை. சுவீடிய அகரவரிசை அதன் வரிசை முறை. தம் மொழிக்கு ஏற்றதைத் தாம் ஆக்கிய பொருளில் வைத்தது பிழையன்று. ஆயின், அம்மென்பொருள் உலகெங்கும் பரவிய பின்னரும் அவ்வியல்பு மதிப்பு மாறவில்லை. 2004-இல் வெளியான 4.1 பதிப்பில் யூனிகோடு என வழங்கும் ஒருங்குறியைக் காக்கும் ஆற்றல் வந்தது. ஆற்றல் வந்ததேயன்றி, அதுவே இயல்பாகிவிடவில்லை. 2018 ஏப்ரலில் 8.0 பதிப்பு வெளிவரும் வரை, யாரும் வேறு சொல்லாவிடில் லத்தீன்1-தான்.

இதனால் தமிழுக்கு நேர்ந்தது யாது? ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991-இல் வெளிவந்தபோதே தமிழ் எழுத்துகள் அதில் இடம் பெற்றன. அவ்வெழுத்துகளைப் பைட்டுகளாக எழுதிக் காக்கும் யூடிஎஃப்-8 என்னும் முறை 1992-இல் வகுக்கப்பட்டது. கணினியில் தமிழ் எழுத்துக்கு ஒரு நெறி காணும் முயற்சியில் நம் பகுதியும் பங்கு கொண்டது. தமிழ்நெட் 97 மாநாடு 1997 மே மாதத்தில் சிங்கப்பூரில் நடைபெற்றதைத் தமிழார்வலர் அறிவர். எழுத்துக்கு நெறி கிடைத்தது. திரையில் தமிழும் தெரிந்தது. ஆனால் திரையில் தெரிவது வேறு. பேழையில் பத்திரமாக இருப்பது வேறு.

ஒரு பள்ளியின் மாணவர் பெயர்ப்பட்டியலைத் தமிழில் ஏற்றுவதாகக் கொள்வோம். தமிழ் என்னும் சொல் நமக்கு மூன்று எழுத்து. ஒருங்குறிக்கோ அது ஐந்து குறி: தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு வேண்டுமாதலின், மொத்தம் பதினைந்து பைட்டு. அனுப்பும் நிரல் ஒருங்குறியில் அனுப்ப, அட்டவணை லத்தீன்1-இல் இருக்குமானால், அச்சொல்லுக்கு ஒத்த எழுத்து அங்கே இல்லை. அப்போது மென்பொருள் ஒவ்வொரு குறிக்கும் ஒரு வினாக்குறியை இட்டு வைக்கும். தமிழ் என்னும் சொல் ஐந்து வினாக்குறிகளாகிவிடும். இதிலிருந்து மீட்சி இல்லை. மூலச் செய்தி வேறிடத்தில் இருந்தாலன்றி, அவ்வினாக்குறிகளைக் கொண்டு அங்கு இருந்தது கண்ணனா, கபிலனா என்று எவராலும் கூற இயலாது.

இணைப்பும் அட்டவணையும் ஆகிய இரண்டுமே லத்தீன்1 என்று கருதப்பட்டுவிட்டால் இன்னொரு வகைக் கேடு நேரும். பைட்டுகள் ஐரோப்பிய எழுத்துகள் போல வேடமிட்டு உள்ளே செல்லும். அவ்வேடத்துடனேயே திரும்பி வரும். பார்ப்பவருக்குக் குறை ஒன்றும் தெரியாது. ஆனால், பெயருக்கென இருபது எழுத்து இடம் ஒதுக்கப்பட்டிருந்தால், அதில் கொள்வன ஆறு தமிழ்க் குறிகளே. ஏழாவது குறி பாதியில் அறுபடும். சரவணப்பெருமாள் என்னும் பெயர் சரவணப் என்ற அளவில் நின்று, அதன் பின் ஒரு சிதைந்த குறி தொங்கும்.

இத்தகைய சிதைவு நேரும்போது மென்பொருள் மறுத்திருக்க வேண்டாவா எனின், அதுவும் அமைவைப் பொறுத்ததே. கண்டிப்பு முறை என்று ஒன்று உண்டு. அது நடைமுறையில் இருந்தால் பொருந்தாத செய்தியை மென்பொருள் ஏற்காது. பிழை என்று சொல்லி நிறுத்தும். இல்லாவிடில், ஓர் எச்சரிக்கையை மட்டும் பதிந்துவிட்டுச் சிதைந்ததையே ஏற்றுக்கொள்ளும். நெடுங்காலம் மைஎஸ்கியூஎல்லின் உள்ளியல்பு இரண்டாவதே.

கோப்பு முன்னே, மென்பொருள் பின்னே

இனி, அமைவுக் கோப்பு செய்த உதவியைக் காண்போம். 2013-இல் வந்த மைஎஸ்கியூஎல் 5.6 பதிப்பில் கண்டிப்பு முறை உள்ளியல்பாக இல்லை. ஆயின் புதிதாக நிறுவுங்கால் எழுதப்பட்ட அமைவுக் கோப்பில் கண்டிப்பு முறைக்குரிய வரி இருந்தது. 2015-இல் 5.7 பதிப்பு வந்தபோது அதுவே உள்ளியல்பும் ஆயிற்று. அஃதாவது, கோப்பு முதலில் சென்றது. மென்பொருள் இரண்டாண்டு கழித்துப் பின்தொடர்ந்தது.

எழுத்து முறையிலும் இதுவே நிகழ்ந்தது. 2009-இல் மைஎஸ்கியூஎல்லிலிருந்து மரியாடிபி என்னும் கிளை பிரிந்தது. தாயின் லத்தீன்1 இயல்பு சேய்க்கும் வந்தது. 2017-இல் வெளியான டெபியன் 9-ஆம் பதிப்பு மரியாடிபியைத் தன் பொதிகளுள் ஒன்றாகத் தந்தபோது, டெபியன் அன்பர்கள் உடன் அனுப்பிய அமைவுக் கோப்பில் நான்கு பைட்டு ஒருங்குறியையே எழுத்து முறையாக எழுதி வைத்தனர். மென்பொருளின் இயல்பு லத்தீன்1. தாங்கள் முழு ஒருங்குறியை விரும்புகின்றோம் என்னும் குறிப்பையும் அங்கேயே சேர்த்தனர். மரியாடிபியின் உள்ளியல்பு ஒருங்குறியாக மாறியது 2024-இல், 11.6 பதிப்பில். இடைப்பட்ட ஏழாண்டுகளில் டெபியன் பொதியை நிறுவியவர், எழுத்து முறையைப் பற்றி ஒரு சொல்லும் அறியாதவராயினும், அவர் தொடங்கிய தரவுத்தளத்தில் தமிழ் பிழைத்தது. காரணம் பொதிக்குள் இருந்த இரண்டு வரி.

நான்கு பைட்டு என்றதன் நுட்பத்தையும் ஈண்டுக் குறித்தல் தகும். மைஎஸ்கியூஎல்லில் முதலில் யூடிஎஃப்-8 என்று பெயர் பெற்ற முறை மூன்று பைட்டுக்கு மேல் கொள்ளாதது. நாள்தோறும் நாம் எழுதும் தமிழுக்கு அது போதும். ஆனால் முந்திரி, காணி, மாகாணி முதலிய நம் முன்னோரின் பின்னக் குறிகள் 2019-இல் ஒருங்குறி 12.0 பதிப்பில் தமிழின் துணைப் பகுதியாகச் சேர்க்கப்பட்டபோது, அவை நான்கு பைட்டுக் குறிகளாகவே அமைந்தன. பழங்கணக்கேடுகளைக் கணினியில் ஏற்ற விழைவார்க்கு மூன்று பைட்டுப் பேழை பயன்படாது. நான்கு பைட்டு முறை 2010-லேயே மைஎஸ்கியூஎல்லில் வந்துவிட்டது. எனினும் தேடிச் சென்று கேட்டவருக்கே அது கிடைத்தது.

வாயில்

எழுத்தைப் போன்றே வாயிலும் இன்றியமையாதது. தரவுத்தளம் தன் கணினியிலிருந்து வரும் அழைப்புக்கு மட்டும் செவி கொடுக்கலாம். இணையத்திலிருந்து எவர் அழைத்தாலும் செவி கொடுக்கலாம். 2009-இல் வெளியான மாங்கோடிபி என்னும் தரவுத்தளம் நெடுநாள் இரண்டாவதையே இயல்பாகக் கொண்டிருந்தது. கடவுச்சொல்லும் இயல்பாகக் கேட்பதில்லை. 2014-இல் 2.6 பதிப்பு வந்தபோது, லினக்சுக்கான டெப், ஆர்பிஎம் பொதிகளாக நிறுவியவர்களுக்கு வாயில் தன் கணினியோடு நின்றது. அவ்வாறு செய்தது உடன் வந்த அமைவுக் கோப்பே. பொதியாகக் கொள்ளாமல் மென்பொருளை மட்டும் இறக்கி இயக்கியவர்களுக்கோ வாயில் திறந்தே கிடந்தது. ஒரே பதிப்பு, ஒரே நிரல். கோப்பு உள்ள இடத்தில் கதவு சாத்தியிருந்தது, கோப்பு இல்லாத இடத்தில் திறந்திருந்தது.

2015 பிப்ரவரியில் ஜெர்மனியின் சார்லாந்து பல்கலைக்கழக மாணவர் மூவர், இணையத்தில் காவலின்றிக் கிடந்த மாங்கோடிபித் தரவுத்தளங்கள் ஏறக்குறைய 40,000 என்று கண்டறிந்து வெளியிட்டனர். 2016 டிசம்பர் இறுதியிலிருந்து 2017 ஜனவரி வரை, கயவர் சிலர் இத்தகைய தரவுத்தளங்களுள் நுழைந்து, உள்ளிருந்தவற்றை அழித்துவிட்டு, பணம் கேட்டு ஓலை வைத்துச் சென்றனர். ஆயிரக்கணக்கானோர் இழப்புற்றனர். அவ்வாறு இழந்தவருள் பழைய பதிப்பை வைத்திருந்தோரும், கதவைத் தாமே திறந்து விட்டோரும் இருந்திருக்கலாம். எல்லாப் பழியையும் இயல்பு மதிப்பின் மேல் சுமத்துதல் நேர்மையன்று. ஆயினும் 2017-இன் இறுதியில் வந்த 3.6 பதிப்பில் மென்பொருளின் உள்ளியல்பே தன் கணினியளவில் நின்றது. கோப்பு சென்ற வழியை மென்பொருள் மூன்றாண்டு கழித்துப் பின்பற்றிற்று.

கண்டிப்பு முறை, எழுத்து முறை, வாயில் ஆகிய மூன்றிலும் வரலாறு ஒன்றையே கூறுகின்றது. கோப்பு முன் செல்ல, மென்பொருள் பின் சென்றது. இது தற்செயல் அன்று. உள்ளியல்பை மாற்றினால், முன்னரே அம்மென்பொருளை நம்பி வாழும் எண்ணற்ற நிரல்கள் இடறக்கூடும். ஆதலின் ஆக்கியோர் தயங்குவர், அத்தயக்கம் நியாயமானதே. பொதியிலுள்ள கோப்பை மாற்றினால் அதன் பயன் பெரும்பாலும் புதிதாக நிறுவுவார்க்கே சேரும். பழைய வீடுகளின் தூண்கள் அசைவதில்லை. நல்ல வழக்கம் ஒன்று யாருக்கும் ஊறின்றித் தொடங்குவதற்கு உரிய இடம் அமைவுக் கோப்பே. அவ்விடத்தை நீக்கிவிட்டால், நன்மை ஒன்று வருவதற்கு உள்ளியல்பு மாறும் நாளை எதிர்நோக்கி எல்லோரும் காத்திருத்தல் வேண்டும்.

மறுப்பாரின் கூற்று

கோப்பு வேண்டாம் என்பாரும் உளர். கோப்பு விரைவில் பழையதாகிவிடும் என்பது அவர்தம் முதற் கூற்று. இதில் உண்மை உண்டு. மைஎஸ்கியூஎல் பல ஆண்டுகள் சிறியது, நடுத்தரமானது, பெரியது, மாபெரியது என்னும் பெயர்களில் மாதிரிக் கோப்புகளை அனுப்பி வந்தது. சிறியது 64 மெகாபைட்டு நினைவகத்துக்கு. பெரியது 512 மெகாபைட்டுக்கு. மாபெரியது ஒன்று முதல் இரண்டு கிகாபைட்டுக்கு. சட்டைப்பையிலுள்ள கைப்பேசியே அம்மாபெரிய அளவை விஞ்சும் காலம் வந்தது. 5.6 பதிப்பில் அம்மாதிரிகள் கைவிடப்பட்டன. அவற்றைக் கைவிட்டது தகும். ஆனால் அளவுகள் பழையனவாயின என்பதனால் ஏடே வேண்டாம் என்பது, பாடநூலில் ஒரு பாடம் பழையதாயிற்று என்பதற்காகப் பாடநூலையே ஒழிப்பதை ஒக்கும். திருத்துதலே ஆசிரியர் கடன்.

உள்ளியல்பு நன்றாயின் கோப்பு எதற்கு என்பது இரண்டாம் கூற்று. 2017-இல் வந்த மைஎஸ்கியூஎல் 5.7.18 பதிப்பு முதல், உடன் வந்த இயல்பு அமைவுக் கோப்பு பொதிகளிலிருந்து நீக்கப்பட்டது. அப்போதும் அம்மென்பொருளின் எழுத்து முறை லத்தீன்1-தான் என்பதை மறத்தல் ஆகாது. நீக்கப்பட்ட கோப்பிலும் எழுத்து முறை பற்றிய வரி இல்லை என்பது மெய்யே. எனினும் எழுதுவதற்குரிய இடமாவது இருந்தது. நன்று என்னும் சொல்லுக்கு யாருக்கு நன்று என்னும் வினா எப்போதும் உண்டு. சுவீடியருக்கு நன்றாக இருந்தது தமிழருக்கு நன்றாக இல்லை.

மென்பொருளையே கேட்டால் எல்லா மதிப்பையும் சொல்லுமே, கையேட்டிலும் எழுதியிருக்கின்றதே என்பது மூன்றாம் கூற்று. கேட்கத் தெரிந்தவருக்கு அது போதும். ஆனால் எழுத்து முறை என்று ஒன்று உண்டென்பதையே அறியாதவர் எதனைக் கேட்பார்? போஸ்ட்கிரெஸ்கியூஎல் இதற்கு நல்ல வழி காட்டுகின்றது. புதிய தரவுத்தளம் தொடங்கும்போதே அது நூற்றுக்கணக்கான வரிகள் கொண்ட அமைவுக் கோப்பு ஒன்றை எழுதித் தருகின்றது. பெரும்பாலான வரிகள் முன்குறியிட்டுச் செயலற்றவையாக இருக்கும். அவற்றில் இயல்பு மதிப்பு இன்னதென்றும், மாற்றினால் மீண்டும் தொடங்க வேண்டும் என்பன போன்ற குறிப்புகளும் காணப்படும். படிப்பவர், தாம் கேளாத வினாக்களின் பட்டியலையும் அங்கே காண்கின்றார்.

நற்கோப்பின் இலக்கணம்

இவ்வளவும் நோக்க, பொதியுடன் வரும் அமைவுக் கோப்புக்குச் சில இலக்கணங்கள் பெறப்படுகின்றன. செயற்படும் வரிகள் சிலவாக இருத்தல் வேண்டும். எழுத்து, வாயில், கண்டிப்பு ஆகிய மூன்றும் அவற்றுள் அடங்குதல் வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் அருகே காரணம் எழுதப்படல் வேண்டும். காரணம் இல்லாத வரியை மாற்றவும் அஞ்சுவர், மாற்றாது விடவும் அஞ்சுவர். நினைவக அளவு போன்று காலத்தோடு மாறுவனவற்றைக் கட்டளையாக எழுதாமல், கணக்கிடும் முறையைக் குறிப்பாகச் சொல்லுதல் சாலும். நிறுவுவாரின் சொந்த மாற்றங்களுக்குத் தனியிடம் இருத்தல் வேண்டும். புதுப்பதிப்பு வரும்போது அவர் எழுதியதை அழித்தலும் கூடாது. டெபியன் இதனை நெறியாகவே வைத்துள்ளது: உரியவர் திருத்திய கோப்பை, அவரைக் கேளாமல் புதுப்பொதி மேலெழுதாது.

தமிழாசிரியர் அனைவரும் தரவுத்தளம் நிறுவப் போவதில்லை. ஆயினும் பள்ளிப் பட்டியல், சங்க உறுப்பினர் பதிவு, நூலக அட்டவணை என்று தமிழ்ப் பெயர்கள் ஏறாத கணினி இனி அரிது. அதனை அமைத்துத் தருபவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. எந்த எழுத்து முறையில் வைத்திருக்கின்றீர்? பொருந்தாத எழுத்து வந்தால் மறுக்குமா, சிதைக்குமா? வெளியார் அழைத்தால் கதவு திறக்குமா? மூன்றுக்கும் விடையை அவர் தம் நினைவிலிருந்து சொல்வதைவிட, கோப்பைத் திறந்து வரியைக் காட்டுவதே சிறப்பு. காட்டுவதற்குக் கோப்பு வேண்டும்.

பெயர் என்பது ஒருவரின் முதல் உடைமை. அது வினாக்குறிகளாக மாறிய பின் வருந்துவதினும், மாறாதிருக்க இரண்டு வரி எழுதி வைத்தல் எளிது. அவ்விரண்டு வரியை எங்கோ இருக்கும் முகமறியாத ஒருவருக்காக முன்கூட்டியே எழுதிப் பொதியில் வைத்து அனுப்புதல், மென்பொருள் ஆக்குவோர் செய்யத்தக்க சிறிய அறம். பெரும்பயன் தரும் அறமும் அதுவே.